ஒரே மரபணு, மூன்று வேலை: 21ஆம் குரோமோசோமின் கார்ட் பற்றி

கேள்வி, பிப்ரவரி 11

டிஎன்ஏ, ஆர்என்ஏவின் எழுத்துகளில் பாதியான பியூரின்களை உடல் தயாரிக்கும் பாதையில் வரும் கார்ட் (GART) மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று. அப்படியானால் பியூரின் ஒன்றரை மடங்கு, அது சிதைந்து வரும் யூரிக் அமிலமும் ஒன்றரை மடங்கு, மூளை வளர்ச்சிக் குறையும் அதிலிருந்து வருவதுதானே? இந்த ஒரு நொதியை மருந்து கொடுத்து அடக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? புற்றுநோய்க்கு அப்படி மருந்து ஏற்கெனவே இருக்கிறதாமே?

பிப்ரவரி 11, இரவு

தீராது.

மூன்று பிரதி இருந்தால் நொதி ஒன்றரை மடங்கு ஆகலாம், அது வரைக்கும் சரி. நொதி கூடினால் விளைபொருளும் அதே அளவு கூடும் என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. பியூரின் பாதைக்குப் பத்துப் படிகள். பிஆர்பிபி என்ற, பாஸ்பேட் ஏறிய ரைபோஸ் சர்க்கரையில் தொடங்கி ஐஎம்பி என்ற முதல் முழுப் பியூரினில் முடிகிறது. அங்கிருந்துதான் மற்ற இரண்டு பியூரின்களான ஏஎம்பி ஒரு பக்கமும் ஜிஎம்பி ஒரு பக்கமும் பிரியும். கார்ட் செய்வது இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் படிகளை. வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும் குழாய்த் திருகு முதல் படியில் இருக்கிறது. அந்த நொதியின் மரபணு 4ஆம் குரோமோசோமில், அதாவது டவுன் சிண்ட்ரோமில் வழக்கம்போல இரண்டே பிரதி. திருகு அதே அளவு திறந்திருக்கும்போது கீழே குழாயை அகலப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 12

ஆதாரம் கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயம்தான்.

முதல் படி நொதியை ஏஎம்பியும் ஜிஎம்பியும் தடுக்கும், பிஆர்பிபி ஏறினால் அது வேகம் பிடிக்கும். பிரித்தெடுத்த நொதியில் பார்த்தது மட்டும் இல்லை இது, மனித உடலிலேயே தெரிகிறது. பிஆர்பிபியைத் தயாரிக்கும் நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த நொதி அடங்காமல் வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு இளம் வயதிலேயே யூரிக் அமிலம் ஏறிவிடும், கவுட் என்ற மூட்டு வீக்கம் வரும், சிறுநீரகக் கல் வரும். அடுத்தது லெஷ்-நைஹான் நோய். அதில் பழைய பியூரினை மறுபடி பயன்படுத்தும் நொதி இல்லை. செலவாகாத பிஆர்பிபி தேங்குகிறது, தடுக்க வேண்டிய ஐஎம்பியும் ஜிஎம்பியும் குறைகின்றன, புதுத் தயாரிப்பு தறிகெட்டு ஓடுகிறது. இரண்டு நோயிலும் கார்ட் சாதாரணமாகத்தான் இருக்கிறது. யூரிக் அமிலம் மட்டும் கொட்டுகிறது.

திருகு மேலே இருக்கிறது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 12, மாலை

‘லெஷ்-நைஹானும் பியூரின் தயாரிப்பு நொதியின் குறைதானே, இரண்டையும் ஒரே பட்டியலில் போடலாமே’ என்று எழுதியவருக்கு: போடக்கூடாது. அது மீட்புப் பாதை. தயாரிப்புப் பாதையிலேயே குறை வந்தால் நோய் வேறு முகம் காட்டும். எட்டாம் படி நொதியான அடினைலோசக்சினேட் லையேஸ் குறைந்தால் வலிப்பு, வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் போன்ற நடத்தை எல்லாம் வரும், ஆனால் யூரிக் அமிலம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். 1984இல்தான் அதை முதலில் விவரித்தார்கள். யூரிக் அமிலத்தை வைத்து இந்தப் பாதையின் நலத்தை அளக்கப் போனால் ஏமாந்துபோவோம்.

பிப்ரவரி 14

காதலர் தினத்தன்று உட்கார்ந்து மரபணு அமைப்பு எழுதுகிறேன். யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

கார்ட்டில் எனக்குப் பிடித்த விஷயமே நோய் இல்லை, அதன் கட்டமைப்புதான். சுமார் 1,010 அமினோ அமிலம் கொண்ட ஒரே புரதம், அதில் மூன்று நொதிகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. முன்பகுதி இரண்டாம் படியைச் செய்கிறது: முதல் படியில் உருவான பாஸ்போரைபோசில் அமீனில் கிளைசினைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. பின்பகுதி மூன்றாம் படி: ஃபோலேட் என்ற பி வைட்டமின் சுமந்துவரும் ஃபார்மைல் என்ற ஒற்றைக் கார்பன் துண்டை வாங்கி வைக்கிறது. நடுப்பகுதி ஐந்தாம் படி: செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து முதல் வளையத்தை மூடுகிறது. புரதத்தில் உள்ள வரிசை இரண்டு, ஐந்து, மூன்று. ஏன் இப்படி மாறிக் கிடக்கிறது என்று மாணவர்கள் எல்லா வருடமும் கேட்பார்கள். பரிணாமத்தில் எது எப்போது எதோடு ஒட்டியதோ அந்த வரிசைதான், நம் பாடப்புத்தகத்தின் படி எண் அதற்குத் தெரியாது என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த மூன்றும் மூன்று தனித்தனி புரதங்கள். ஈஸ்ட்டில் இரண்டாம், ஐந்தாம் படிகள் ஒட்டிக்கொண்டன, மூன்றாம் படி தனியே நிற்கிறது. நம்மிடம் மூன்றும் ஒன்று. ஈஸ்ட்டின் ஒட்டுப் புரதத்தைப் பார்த்த பிறகு இரண்டு-ஐந்து-மூன்று என்ற வரிசை அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. கடைசியாக வந்தவர் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார்.

2010இல் வந்த கட்டமைப்பு ஆய்வில் இரண்டு கார்ட் புரதங்கள் நடுப்பகுதியில் கைகோத்து நிற்பதும், இரு முனைகளும் ஓரளவு தளர்ந்து அசைவதும் தெரிந்தது. விறைப்பான எந்திரம் இல்லை.

பிப்ரவரி 15

‘அப்படியானால் நாலாவது படி?’

அதற்குத் தனி நொதி, 17ஆம் குரோமோசோமில். ஆக, கார்ட் தன் மூன்றாம் படிப் பொருளை வெளியே கொடுத்து, வேலை முடிந்து திரும்பி வந்ததும் ஐந்தாம் படியைச் செய்கிறது. மூன்று நொதிகளை ஒன்றாக ஒட்டியும் நடுவில் ஒரு படி வெளியூரில். ‘பொருளைக் கைமாற்றித் தருவதற்காகத்தான் ஒட்டிக்கொண்டன’ என்ற எளிய விளக்கம் இங்கேதான் தடுமாறுகிறது. மூன்றும் ஒரே அளவில் உருவாகட்டும் என்பதற்காக ஒட்டியிருக்கலாம் என்பது என் சாய்வு. சாய்வு மட்டுமே.

பிப்ரவரி 19

ஒரே அளவில் உருவாவதற்காக என்று எழுதிவிட்டு நாலு நாளாக அது உறுத்துகிறது. ஏனென்றால் கார்ட் மரபணு முழுநீளப் புரதத்தை மட்டும் தருவதில்லை. முன்பகுதிக்கான எக்ஸான்கள் (புரதமாகும் துண்டுகள்) முடிந்ததும் வரும் இன்ட்ரானுக்குள்ளேயே (வழக்கமாக வெட்டி எறியப்படும் இடைத்துண்டு) ஒரு முடிவுக் குறி இருக்கிறது. அங்கே ஆர்என்ஏவை வெட்டி வால் போட்டுவிட்டால் இரண்டாம் படி நொதி மட்டும் தனியாக உருவாகும். ஆக மூன்றும் சம அளவு என்பது உண்மையில்லை, இரண்டாம் படி மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடுதல். இரண்டாம் படிக்கு ஏன் இந்தச் சலுகை? அதற்கு முந்தைய பொருளான பாஸ்போரைபோசில் அமீன் நிலையாக நிற்காது. உடல் வெப்பநிலையில் அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. உருவான கையோடு பிடித்து கிளைசினை ஒட்டாவிட்டால் போச்சு. பிடிக்க ஆள் கூடுதலாக இருப்பது நல்லதுதானே.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முன்பகுதியை அடையாளம் காணும் ஆன்டிபாடி வைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டினால் 110 கிலோடால்டன் பக்கம் ஒரு பட்டை, 50க்குச் சற்றுக் கீழே இன்னொன்று வரும். கீழே வருவது சிதைந்த புரதம் என்று நினைத்து புரோட்டியேஸ் தடுப்பானை இரட்டிப்பாக்கி இரண்டு வாரம் போராடிய ஒரு மாணவி எங்கள் ஆய்வகத்தில் இருந்தார். மரபணுவே அப்படித்தான் என்று தெரிந்த அன்று அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 20

இப்போது கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. கார்ட்டை டவுன் சிண்ட்ரோமோடு இணைக்க ஒரு நல்ல காரணம் உண்டு. 1997இல் டேவிட் பேட்டர்சன் குழு வெளியிட்ட ஆய்வு. சிறுமூளையில், கருவில் இருக்கும் காலம் முழுக்க கார்ட் புரதம் நன்றாகத் தெரிகிறது, பிறந்தபின் சீக்கிரமே மறைகிறது. டவுன் சிண்ட்ரோமில் பிறந்தபின்னும் தொடர்கிறது. ‘ஒன்றரை மடங்கு’ என்ற கணக்கைவிட இது எனக்குச் சுவையானது. அளவைவிட நேரம் தப்புகிறது. அடங்க வேண்டிய வேளையில் அடங்கவில்லை.

ஆனால் தொடர்வது காரணமா, விளைவா? சிறுமூளையின் வளர்ச்சியே தாமதமானால் வளர்ச்சிக்கால புரதங்களும் தாமதமாகத்தானே அடங்கும்? அந்த ஆய்வை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 21

என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். இதைச் சொல்லாமலே இழையை முடிக்க நினைத்தேன், ஆனால் ‘உங்களுக்கு இது வெறும் பாடம், எங்களுக்கு வாழ்க்கை’ என்று ஒருவர் எழுதியபின் சொல்லிவிடுகிறேன். அவனுக்கும் யூரிக் அமிலம் வழக்கத்தைவிடச் சற்று மேலேதான். கவுட் வந்ததில்லை. அக்கா அந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பி ‘உன் ஜீன்தானே இது’ என்று கேட்டாள். நான் கார்ட் பற்றிப் பேசிப் பேசி அது என் சொத்து மாதிரி ஆகிவிட்டது வீட்டில்.

அவளுக்குச் சொன்ன பதிலே இங்கேயும். டவுன் சிண்ட்ரோமில் யூரிக் அமிலம் கூடுதல் என்பது 1960களிலிருந்தே தெரிந்தது. ஆனால் ரத்தத்தில் கூடுவதற்கு இரண்டு வழி: அதிகம் தயாராவது, குறைவாக வெளியேறுவது. டவுன் சிண்ட்ரோமில் சிறுநீரகம் அதை வெளியேற்றுவது குறைவு என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. பொதுவாக கவுட் நோயாளிகளிலும் பெரும்பாலோருக்குக் கோளாறு வெளியேற்றத்தில்தான். ஆக ரிப்போர்ட்டில் ஓர் எண் கூடியிருப்பதைப் பார்த்து ஒரு மரபணுவைக் கைகாட்ட முடியாது. தைராய்டைப் பார்த்தார்களா, கழுத்து எலும்பைப் பார்த்தார்களா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று கேட்டேன். அவனுடைய நாளை மாற்றப்போவது அவைதான்.

பிப்ரவரி 26

மருந்து பற்றி. நீங்கள் கேட்டதில் இந்தப் பகுதிதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

கார்ட்டின் மூன்றாம் படியைக் குறிவைத்த முதல் பெரிய மருந்து லோமெட்ரெக்சால். பிரின்ஸ்டன் வேதியியலர் எட்வர்ட் டெய்லர் ஃபோலேட்டைப் போலவே உருவம் கொண்ட மூலக்கூறுகளைச் செதுக்கியதில் வந்தது. (அவரை இந்த வேதியியலுக்கு இழுத்தது வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நிறமிகள். அந்த நிறமியிலும் ஃபோலேட்டிலும் ஒரே டெரிடின் வளையம்.) மனிதர்களில் முயன்றபோது விளைவு கொடூரம்: மருந்து திசுக்களில் தங்கித் தங்கிச் சேர்ந்தது, ரத்த அணுக்கள் தாமதமாக, ஆனால் ஆழமாகச் சரிந்தன. ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுத்தபின்தான் தாங்க முடிந்தது. சந்தைக்கு வரவில்லை. அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த பெமெட்ரெக்செட் 2004இல் அமெரிக்காவில் நுரையீரல் உறைப் புற்றுநோயான மீசோதீலியோமாவுக்கு அனுமதி பெற்றது. அதற்குக் குறி மூன்று நொதிகள், முதன்மையானது டிஎன்ஏவின் இன்னோர் எழுத்தைத் தயாரிக்கும் தைமிடைலேட் சிந்தேஸ், கார்ட் துணைக் குறிதான். அதையும் ஃபோலிக் அமிலமும் பி12ம் இல்லாமல் கொடுப்பதில்லை.

பெருகும் செல்லைப் பட்டினி போட்டுக் கொல்வதற்கான மருந்து இது. வளரும் குழந்தையின் எலும்பு மஜ்ஜையும் குடலும் முழுநேரமும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ‘ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கு மட்டும் இறக்குவோம்’ என்று சொல்லி அந்த மருந்தின் வேலையை அந்த அளவோடு நிறுத்திவைக்க முடியாது.

இன்னொன்று: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால், ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து மற்ற குழந்தைகளைவிட அதிகமாகப் பக்கவிளைவு தரும். இது 1980களிலிருந்து மருத்துவர்கள் அறிந்தது. காரணம் கார்ட்டா? ஃபோலேட்டையும் மெத்தோட்ரெக்சேட்டையும் செல்லுக்குள் ஏற்றும் புரதத்தின் மரபணுவும் 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதுவும் மூன்று பிரதி. உள்ளே போகும் மருந்தே கூடுதல் என்ற விளக்கம் எனக்கு நேரடியாகப் படுகிறது.

பிப்ரவரி 26, பின்னிரவு

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் மேலே படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குறைந்த அளவில் அது வேறு ஆட்டம் ஆடுகிறது. ஒன்பதாம் படியைத் தடுப்பதால் ஐகார் என்ற பொருள் தேங்கி, அதன் வழியாக அடினோசின் கூடி, வீக்கம் அடங்குகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. ஒன்பதாம் படி நொதி 2ஆம் குரோமோசோம். கார்ட் பாவம், இதில் அதற்குப் பங்கில்லை.

மார்ச் 3

குழாய்த் திருகு உவமையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இழை முழுக்கச் சண்டை போடுகிறார்கள். எழுதியவன் நான், ஆகவே தீர்ப்பும் நானே சொல்கிறேன்: உவமை பாதி தூரம்தான் வரும்.

குழாயில் தண்ணீர் ஒரே திசையில் தானாக ஓடும். செல்லுக்குள் அப்படி இல்லை. பியூரின் இல்லாத ஊடகத்தில் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தால் இந்தப் பாதையின் நொதிகள் கொத்துக் கொத்தாகச் சேர்வதை 2008இல் ஸ்டீபன் பென்கோவிச் குழு காட்டியது. பியூரினோசோம் என்று பெயர். பியூரினைத் திருப்பிக் கொடுத்தால் கொத்து கலைகிறது. 2014இல் இன்னொரு குழு வந்து, நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அழுத்தத்தில் திரண்ட புரதக் கட்டியாக இருக்கலாம் என்றது. ஒளிரும் புரதத்தைத் திணித்துப் பார்க்கும் எல்லா ஆய்வுகளுக்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும், எனக்கும் அப்போது அதே சந்தேகம். 2020இல் பென்கோவிச் குழுவே மைட்டோகாண்டிரியாவை ஒட்டிய கொத்துகளில் இடைப்பொருள் கைமாறுவதை நிறை அளவைமானி வைத்துக் காட்டியபின் என் சந்தேகம் பாதியாகக் குறைந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், நொதிகள் கொத்தாகச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்றால் ஒரே ஒரு உறுப்பினரை ஒன்றரை மடங்கு ஆக்குவது எதையும் மாற்றாமல் போகலாம், அல்லது கொத்தின் விகிதத்தையே கெடுக்கலாம். இரண்டுக்கும் வழி இருக்கிறது. முதல் படி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பிப்ரவரி 11இல் நான் எழுதிய தொனியை இப்போது எழுதினால் கொஞ்சம் தணித்து எழுதுவேன். முடிவு அதேதான்.

மார்ச் 4

‘21ஆம் குரோமோசோமில் எத்தனை மரபணு இருக்கிறது, ஏன் இது ஒன்றையே பேசுகிறோம்?’

2000இல் அந்தக் குரோமோசோமை முழுதாக வாசித்து முடித்தபோது 225 என்று கணக்கிட்டார்கள். ஏன் இது ஒன்றையே என்றால், தலைப்பு அது.

மார்ச் 9

இந்த மரபணு 21இல் இருப்பது டிஎன்ஏ வாசிக்கத் தெரிவதற்கு முன்பே எப்படித் தெரிந்தது என்று கேட்டவருக்கு. அழகான வேலை. சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களில், பியூரின் ஊட்டாவிட்டால் சாகும் திரிபுகளை எடுத்தார்கள். அவற்றை மனிதச் செல்லோடு இணைத்தார்கள். இணைந்த செல் மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். பியூரின் இல்லாத ஊடகத்தில் எது பிழைக்கிறதோ அது தனக்கு வேண்டிய மனித மரபணுவை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. பிழைத்தவற்றில் 21 இருந்தது. வெவ்வேறு படிகள் முறிந்த வெவ்வேறு திரிபுகளையும் 21 காப்பாற்றியது. அவை பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள் இல்லை, ஒரே மரபணு என்பது பின்னால்தான் விளங்கியது.

அந்தச் செல்களை நானும் வளர்த்திருக்கிறேன். சாக வேண்டிய செல் சாகாது, ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். ஊடகத்தில் சேர்க்கும் கன்றின் சீரத்திலேயே ஹைப்போசாந்தின் என்ற பியூரின் இருக்கும், மீட்புப் பாதை அதை எடுத்துச் செல்லைக் காப்பாற்றிவிடும். டயாலிசிஸ் செய்த சீரம் போட்டால்தான் சோதனை சோதனையாக இருக்கும்.

பழ ஈயின் கார்ட் இன்னும் வேடிக்கை. அதன் முதல் இன்ட்ரானுக்குள், எதிர் இழையில், ஒரு முழு மரபணுவே குடியிருக்கிறது. கூட்டுப்புழுவின் மேல்தோல் புரதத்துக்கானது, பியூரினுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1986இல் வந்த இந்தச் செய்திதான் மரபணுவுக்குள் மரபணு என்பதை எங்களைப் போன்றவர்களுக்கு நம்பவைத்தது.

மார்ச் 10

ஒருவர் கேட்ட நல்ல கேள்வி: கார்ட்தான் காரணமா என்று எப்படிச் சோதிப்பது? கூட்டிப் பார்ப்பதைவிடக் கழித்துப் பார்ப்பது நல்லது. டவுன் சிண்ட்ரோமுக்கான மாதிரி எலியில் மற்ற எல்லாம் மூன்றாகவே இருக்கட்டும், ஒரே ஒரு மரபணுவை மட்டும் இரண்டுக்குக் கொண்டுவந்து, என்ன சரியாகிறது என்று பார்க்க வேண்டும். அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் மரபணுவுக்கு இதை 2006இல் செய்து, சில நரம்புச் செல்கள் பிழைப்பதைக் காட்டினார்கள். அந்த மாதிரியான சான்றுக்குத்தான் நான் தலைவணங்குவேன். குரோமோசோமில் இடம் ஒத்துப்போகிறது என்பது வெறும் தொடக்கம்.

மார்ச் 16

இழை ஈஸ்ட் பக்கம் போய்விட்டது, போகட்டும். ஆறாம் படி முறிந்த ஈஸ்ட் சிவப்பாக வளரும், ஐந்தாம் படியில் உருவான பொருள் தேங்கி நிறமியாவதால். தட்டில் நடுவே வெள்ளைக் கூட்டம் தெரிகிறது, மாசு என்று தூக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அடினின் என்ற பியூரின் இல்லாத தட்டில் கீறிப் பாருங்கள். வளர்ந்தால் ஒன்று திரிபு சரியாகிவிட்டது, இல்லையேல் உண்மையிலேயே மாசு. வளராவிட்டால் கிளிசரால் தட்டில் போடுங்கள். அங்கேயும் வளராவிட்டால் மைட்டோகாண்டிரியா கெட்ட குட்டை ஈஸ்ட், இது அடிக்கடி நடப்பது. கிளிசராலில் நன்றாக வளர்ந்து, அடினினும் கேட்டு, அப்படியும் வெள்ளையாகவே இருந்தால் பாதையின் மேல்படிகளில் எங்கோ இரண்டாவது முறிவு விழுந்திருக்கிறது. இரண்டாம், ஐந்தாம் படிகளைச் செய்யும் ஒட்டு மரபணுவையும் சந்தேகப் பட்டியலில் வைத்து வரிசை வாசிக்க அனுப்புங்கள்.